தெரெண்டாக்கிலிருந்து வந்த கிட்டார்

எங்கள் வீட்டு ஹாலில், அம்மாவின் படத்துக்கும் நாட்காட்டிக்கும் நடுவே ஒரு கிட்டார் தொங்குகிறது. பளபளப்பு போய்ப் பல வருஷமாகிறது. கழுத்துக் கட்டையில் விரல் படும் இடமெல்லாம் குழி. பின்பலகையைத் திருப்பிப் பார்த்தால் பேனாக்கத்தியால் கீறிய ஒரு கங்காரு இருக்கும். அந்தக் கங்காருவைக் கீறியவன் யார் என்று எனக்குத் தெரியாது. என் மாமாவுக்கும் அவன் முகம்தான் நினைவிருந்தது, பெயர் வாயில் நுழையவில்லை. சிவந்த முகம், பத்தொன்பது இருபது வயது, ஆஸ்திரேலிய சிப்பாய். ஊருக்குப் போகும்போது பதினைந்து வெள்ளிக்கு இதை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மலாக்காவில் சுங்கை ஊடாங் பக்கம் கடலோரத்தில் தெரெண்டாக் முகாம் இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் கட்டியது. அறுபதுகள் முழுக்க அங்கே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் சேர்ந்திருந்தன. 28ஆவது காமன்வெல்த் படைப்பிரிவு என்று பெயர். முகாமுக்குள்ளேயே மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் உண்டு. துணி துவைக்க, சமைக்க, புல் வெட்ட, சாக்கடை பார்க்க எங்கள் ஆட்கள். மாமா டோபிக் கொட்டகையில் இஸ்திரி போட்டார். கொட்டகைக்குப் பின்னால் சிப்பாய்களின் பாசறை. சாயங்காலம் ஆனால் அங்கிருந்து பாட்டு வரும். 1965ஆம் வருஷம் போல் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார்களாம். இஸ்திரிப் பெட்டி தேய்க்கும் கை அந்தப் பாட்டின் அசைவுக்கே போய்வர ஆரம்பித்துவிட்டது என்பார் மாமா.

அந்தப் பாட்டு, தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்.

உலகத்தில் கிட்டார் தொட்ட ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் முதலில் தடவிப் பார்க்கும் பாட்டு இதுவாகத்தான் இருக்கும். இங்கிலாந்தின் நியூகாசல் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர், தி அனிமல்ஸ் என்ற பெயரில், 1964 மே மாதம் பதிவு செய்தார்கள். ஒரே மூச்சில் வாசித்து முடித்த பதிவு. எரிக் பர்டனின் தொண்டை, ஆலன் பிரைஸின் ஆர்கன், எல்லாவற்றுக்கும் முன்னால் ஹில்டன் வேலன்டைன் ஒவ்வொரு தந்தியாகக் கிள்ளிக் கிள்ளி வரும் அந்தத் தொடக்கம். நான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடும். மூன்று நிமிஷத்துக்குள் பாட்டு முடிய வேண்டும் என்று வானொலிக்காரர்கள் எதிர்பார்த்த காலம் அது. அந்த வருஷமே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் இடத்துக்கு வந்தது.

ஆனால் பாட்டு அவர்களுடையது இல்லை. அமெரிக்காவின் தென்பக்கத்து மலைக்காட்டு ஏழை வெள்ளையர் வாயில் பல காலமாகக் கிடந்த பாட்டு. 1933லேயே கிளாரன்ஸ் ஆஷ்லி என்பவர் இசைத்தட்டில் பாடிவிட்டார். 1937ல் நாட்டுப்பாட்டுத் தேடி அலைந்த ஆலன் லோமாக்ஸ், கென்டக்கியில் மிடில்ஸ்பரோ என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் பதிவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள், ஜார்ஜியா டர்னர், பதினாறு வயது. அவள் பாடிக் கொடுத்தாள். அங்கிருந்துதான் அது புத்தகத்துக்கு ஏறி, நியூயார்க் காப்பிக்கடைப் பாடகர்களிடம் போய், டேவ் வான் ராங்க் சேர்த்த சுரக்கட்டோடு பாப் டிலனின் 1962 இசைத்தட்டில் உட்கார்ந்து, அதற்கப்புறம் கடல் தாண்டி நியூகாசலுக்குப் போனது. அனிமல்ஸ் தட்டில் ஐந்து பேர் பெயருக்கும் இடமில்லை என்று ஆலன் பிரைஸ் பெயரை மட்டும் போட்டார்கள். இசைக்கட்டுக்கான பணமும் அந்தப் பெயருக்கே போனது. மற்றவர்களுக்கு அது பல காலம் வருத்தம்தான். மிடில்ஸ்பரோ பெண்ணைப் பற்றி அப்போது பேச யாருமில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தி. படித்த அன்று ஜார்ஜியா டர்னர் எனக்குப் புதிய ஆளாகத் தோன்றவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு, கம்பெனி வீடு, கம்பெனிக் கடைக் கடன், விடியுமுன் வேலைக்குப் போகும் அப்பா. சுரங்கத்தை எடுத்துவிட்டு ரப்பர் மரத்தை வைத்தால் எங்கள் தோட்டத்து லயம்.

நாங்கள் இருந்தது ஆசஹான் பக்கம் ஒரு தோட்டம். அந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. மலாயாவில் ரப்பரை வியாபாரத்துக்கென்று முதன்முதலில் நட்டவர்களில் ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896ல் புக்கிட் லிந்தாங்கில் சிறிதாகத் தொடங்கி, இரண்டு வருஷம் கழித்து புக்கிட் ஆசஹானில் பெரிதாகப் போட்டார். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன. கப்பலில் எங்கள் தாத்தாமார் வந்தார்கள். மரம் வெட்டுகிற கையோடு அவர்கள் கொண்டு வந்தது நல்லதங்காள், மதுரைவீரன், அரிச்சந்திரா. பாலட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் கதைப்பாட்டு. காதல் பாட்டு என்கிற அர்த்தம் அப்புறம் ஒட்டியது. அந்தப் பழைய பொருளில் பார்த்தால் எங்கள் தோட்டத்துத் திடலில் விடிய விடிய நடந்ததெல்லாம் பாலட்தான். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காளுக்காக அழுத பெண்கள் காலையில் ஐந்தரை மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பார்கள்.

எனக்கு மாமா கிட்டார் கற்றுக்கொடுத்தது 1975ல், பன்னிரண்டு வயதில். படைகள் 1969ஐ ஒட்டிக் கிளம்பியதும் மாமாவுக்கு முகாம் வேலை போய்விட்டது. எங்கள் தோட்டத்துக்கே வந்து பாலுக்கு மரம் வெட்டினார். மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்து, வாசல் திண்ணையில் உட்காருவார். விரல் நுனியில் காய்ந்த பால் கறுப்பாக ஒட்டியிருக்கும். அதைப் பல்லால் உரித்துத் துப்பிவிட்டுத்தான் தந்தியைத் தொடுவார்.

முதல் பாடம் ஏ மைனர். மூன்று விரல். இரும்புத் தந்தி, இரண்டு நாளில் நுனி வெடித்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏ மைனர், சி, டி, எஃப். இந்த நான்கையும் வரிசையாகப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. அதற்கப்புறம்தான் வலது கை. கட்டை விரல் அடித்தந்தியைத் தொட வேண்டும், மற்ற விரல்கள் மேலே ஏறி இறங்க வேண்டும். என் கை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றே போனது. மாமா கிட்டாரைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுத் திண்ணைப் பலகையில் தட்டினார்.

“நாலு இல்லடா. ஒரு தட்டுக்குள்ள மூணு. தகிட, தகிட. ஆறு எண்ணு. ஒண்ணுலயும் நாலுலயும் சாஞ்சுக்க.”

எனக்கு ஏறவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கைப்பிள்ளையைத் துணித்தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். உத்தரத்தில் கட்டிய கயிறு க்ரீச் க்ரீச் என்று சத்தம் போடும். மாமா என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். தூளி போகிற போது மூன்று, வருகிற போது மூன்று. அக்கா பாடிய தாலாட்டு அந்த ஆறுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. கிட்டாரை எடுத்தேன். கை தானாகப் போனது. உள்ளேயிருந்து அம்மா கேட்டார்: “என்னடா, மாமனும் மருமவனும் தாலாட்டுக்கு வாசிக்கிறீங்களா?”

அன்றைக்கு அம்மா கேட்டதைத்தான் நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் வேறு வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆறுக்கு மேற்கத்தியக் கணக்கில் சிக்ஸ் எய்ட் என்று பெயர். நம் கணக்கில் திசிர நடை. எங்கள் ஊரில் பிற்பாடு எல்லா இனத்துப் பையன்களும் ஸ்லோ ராக் என்று சொன்னது இந்த அசைவைத்தான். சின்ன கீபோர்டு வாங்கினால் அதில் வால்ட்ஸ், ரும்பா என்ற பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஸ்லோ ராக் என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் தூளி ஆடும். தோட்டத்து ஆட்களுக்கு ராக் எப்படிப் பிடித்தது என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? பிறந்த வாரத்திலேயே காதில் விழுந்த அசைவு.

பாட்டின் அர்த்தத்தையும் மாமாதான் சொன்னார். அவருக்கு முகாம் இங்கிலீஷ் வரும். “ஒரு ஊருல ஒரு வீடு இருக்கு. அதுக்குள்ள போன புள்ளைங்க கெட்டுப் போயிடும். கெட்டுப்போன ஒருத்தன், என் தம்பியையாவது அந்தப் பக்கம் விடாதேன்னு அம்மாகிட்ட சொல்றான். நம்ம கள்ளுக்கடைன்னு வெச்சுக்க.” சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். என் அப்பா அந்நேரம் எங்கே இருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டு வருவது என் வேலை. மிடில்ஸ்பரோவில் பாடியபோது அது கெட்டுப்போன பெண்ணின் பாட்டு. தங்கையை அந்தப் பக்கம் விடாதே என்பாள் அவள். அனிமல்ஸ் பாடியது ஆண்பிள்ளையின் பாட்டு. இரண்டில் எது வந்தாலும் எங்கள் லயத்தில் அதற்கு ஆள் இருந்தது.

மாமாவுக்கு அந்த ஒரு பாட்டு போதும். எனக்குப் போதவில்லை. காரணம் பள்ளிக்கூடம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து 1976ல் ரிமூவ் வகுப்பில் சேர்ந்தேன். அதுவரை இங்கிலீஷில் நடந்த இடைநிலைப் பள்ளிகள் முதல் பாரத்திலிருந்து மலாய் மொழிக்கு மாறத் தொடங்கியது சரியாக அந்த வருஷம்தான். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் மலாய், சண்டை மலாய், கொஞ்ச நாளில் காதல் கடிதமும் மலாய். வீட்டில் தமிழ், பாட்டுப்பெட்டியில் டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீனிவாஸ். ஆனால் பள்ளிப் பேருந்தில் நான்கு இனமும் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும். அது மலாய்ப் பாட்டாகத்தான் இருக்க முடியும்.

மலாய்ப் பாட்டு நமக்கு வெளியே இருந்து வந்த சங்கதி என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைக்கக் கூடாது. பள்ளி முடித்து 1982ல் பத்து பெரெண்டாம் தொழில்பேட்டையில் எலக்ட்ரானிக் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். உடன் வேலை செய்த ஒருவர் மலாக்கா செட்டி. காஜா பெராங்கில் இருக்கும் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். வாசலில் மாவிலைத் தோரணம். சாமி மேடையில் பிள்ளையார். கெபாயாவும் சாரோங்கும் உடுத்திய ஒரு பாட்டி, நெற்றி நிறைய விபூதி. வணக்கம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. சுல்தான் ஆண்ட காலத்தில் கப்பலேறி வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டதில் தழைத்த குடி அது. வந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மொழி போய்விட்டது, சாமி போகவில்லை. தங்கத் தட்டார் தெருவில் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலுக்கு 1781ஆம் வருஷம். டச்சுக்காரன் கொடுத்த நிலம். பொங்கலுக்கு முந்தின நாள் போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதை இன்றும் விடாமல் செய்கிறார்கள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் வயலினை எடுத்தார். இன்னொருவர் ரெபானா மேளத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கோங். அந்தப் பாட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த ஒரு பாபா சீனத் தாத்தாவைப் பார்த்து நான்கடி பாடினார். தாத்தா நான்கடியில் பதில் சொன்னார். கூடியிருந்தவர்கள் கை தட்டிச் சிரித்தார்கள். பாட்டி விடவில்லை, மறு பாட்டு. எழுதி வைத்தது எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் வாயில் வருவதுதான். அதுதான் டொண்டாங் சாயாங். பாடுவது பந்துன். நான்கு அடி, முதலும் மூன்றும் ஒரே ஒலியில் முடியும், இரண்டும் நான்கும் வேறொன்றில். முதல் இரண்டடியில் மரம், ஆறு, பறவை என்று வெளியே உள்ள ஏதாவது ஒன்று. பின் இரண்டடியில்தான் மனசில் உள்ளது வரும். சங்கப் பாட்டில் குன்றத்தையும் குரங்கையும் காட்டிவிட்டுத் தலைவியின் மனசைச் சொல்வது நமக்குப் பழக்கமானதுதான். அந்த வாத்தியங்களில் வயலின் போர்த்துகீசியனோடு வந்தது என்பார்கள். அவன் 1511ல் ஊரைப் பிடித்தவன். பீரங்கிக்குப் பின்னால் இதையும் கொண்டுவந்திருக்கிறான்.

இழுத்து இழுத்துப் பாடும் அந்த நிதானம், மறைத்துச் சொல்லும் அந்தக் காதல், வயலின் அழுவது எல்லாவற்றையும் அன்றைக்கு முதல்முறை கேட்டேன். பிற்பாடு மலாய் ஸ்லோ ராக்கில் கிட்டார் அழும் இடமெல்லாம் எனக்கு அந்த வயலின்தான் கேட்டது. 2018 நவம்பரில் மொரீஷியஸில் கூடிய யுனெஸ்கோ குழு டொண்டாங் சாயாங்கை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தபோது, மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசியர் ஆகியோரோடு செட்டிகளையும் அதன் உரிமைக்காரர்களாக வைத்தது. செய்தியைப் படித்துவிட்டு அந்தப் பாட்டியின் நெற்றி விபூதியை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. மலாய் நாட்டின் மாபெரும் பாடகர் பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்துத் தன் பாட்டைத் தானே பாடிய படம் 1950ல் வந்த பாக்தி. இயக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். அறுபதுகளில் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸும் சிங்கப்பூருக்கு வந்து போன சூட்டில் கம்பத்துக்குக் கம்பம் கிட்டார்க் குழுக்கள் முளைத்தன. குகிரான் என்றார்கள், பாப் யே யே என்றார்கள். அது துள்ளல் காலம். மெதுவான பாட்டின் காலம் அதற்கப்புறம் வந்தது.

தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு டிவி. சனிக்கிழமை ராத்திரி தரையில் நெருக்கியடித்து உட்காருவோம். எழுபதுகள் முடியும் வேளை. திரையில் ஒரு குழு. நடுவில் இரண்டு பேர், கறுப்பு நிறம், தலைமுடி பெரிய பந்து போலச் சுருண்டு நிற்கிறது. மலாயில் பாடுகிறார்கள். பின்னால் சீன முகமும் தெரிகிறது. எங்களில் ஒருவன், “ஆப்பிரிக்காகாரனுங்க போல” என்றான். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். டேவிட் ஆறுமுகம். லோகநாதன் ஆறுமுகம்.

மண்டபம் ஒரு நொடி அடங்கிப்போனது. பின்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் எழுந்து நின்று, “ஆறுமுகம் மவனுங்களா!” என்றார். யாரோ தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பது மாதிரி இருந்தது. எங்கள் தோட்டத்திலேயே மூன்று ஆறுமுகம் இருந்தார்கள்.

அந்தக் குழுதான் அலிகேட்ஸ். பினாங்கு அண்ணன் தம்பிகள் 1969ல் தொடங்கியது. தொடக்கத்தில் பாடியது இங்கிலீஷ் பாட்டுகள். எழுபதுகளின் நடுவில் ஹாங்காங் போய் இரவு விடுதிகளில் வருஷக்கணக்கில் வாசித்தார்கள். ஒவ்வொரு ராத்திரியும் மணிக்கணக்காக, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே பாடிப் பழகிய தொண்டை அது. திரும்பி வந்து மலாயில் இசைத்தட்டு போட்டார்கள். நாடு முழுக்க ஒரே பேச்சு. எம். நாசிர் போன்ற பெரிய இசைக்காரர்கள் அவர்களுக்குப் பாட்டு அமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் மலாய் உச்சரிப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சுரத்தை நேராகப் போய்த் தொடாமல், கீழிருந்து கொஞ்சம் வழுக்கி ஏறித் தொடும் ஒரு பழக்கம் அந்தக் குரல்களில் எனக்குக் கேட்கும். அது பஜனை மடத்தில் கேட்டு வளர்ந்தவன் தொண்டையில் இருக்கும் சங்கதி. இது என் காதின் தீர்ப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே காலத்தில் புளூஸ் கேங் என்ற குழு எங்கள் பக்கத்து நெகிரி செம்பிலான் வழக்கிலேயே புளூஸ் பாடிப் பேர் வாங்கியது. அதில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜிம் மாடசாமி. மாடசாமி என்ற பெயர் கேசட் அட்டையில் அச்சாகியிருப்பதை என் தம்பி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

நாங்களும் ஒரு குழு சேர்த்தோம். நான் கிட்டார். சித்தப்பா மகன் பேஸ். ஜாசின் மளிகைக்கடைச் சீனர் மகன் கீபோர்டு. டிரம்ஸ் வாசித்தவன் கம்பத்து மலாய்ப் பையன், நான் ரிமூவ் வகுப்பு முடித்து முதல் பாரத்தில் சேர்ந்தபோது பக்கத்து நாற்காலி, இன்றுவரை நண்பன். ஒரு பாட்டை எடுக்கக் கேசட்டைப் பத்து விநாடி ஓடவிட்டு நிறுத்துவோம். பேட்டரி செலவு மிச்சம் பிடிக்க, பென்சிலைச் சொருகிக் கையாலேயே திருப்பிச் சுற்றுவோம். நாடா நீண்டு போனால் சுரம் இறங்கிவிடும். அப்படி இறங்கின சுரத்திலேயே ஒரு பாட்டை முழுக்கக் கற்றுக்கொண்டு, மேடையில் எல்லாரும் கேட்டு வியந்த கதையும் நடந்தது.

1984 தீபாவளி இரவு. கோயில் திடலில் எங்கள் கச்சேரி. தோட்டத்துக்கு ஜெனரேட்டர் மின்சாரம்தான். வழக்கமாகப் பத்து மணிக்கு நிறுத்துவார்கள். தீபாவளிக்கு நள்ளிரவு வரை விடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. பத்தடித்தது, நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கி செத்தது, கீபோர்டு செத்தது, மின்சார கிட்டார் செத்தது. போய்க் கேட்டோம், காவல்காரர் கையை விரித்தார். முந்நூறு பேர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அவமானம் இன்னும் எனக்குள் ஆறவில்லை. ஒரு வருஷத்தில் ஒரே ஒரு இரவு கேட்டோம்.

மாமா எழுந்து வீட்டுக்குப் போய்க் கங்காரு கிட்டாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். டிரம்ஸ்காரன் தன் பெரிய மேளத்தை ஒதுக்கிவிட்டு, பால் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்ட ஆரம்பித்தான். ஒரு தட்டுக்குள் மூன்று. யாரோ அகல் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேடை விளிம்பில் வைத்தார்கள். அலிகேட்ஸ் பாடிய அண்டாய்ஞா ஆக்கு பெர்கி டூலு பாட்டைத் தொடங்கினேன்.

அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அவர் மலாய் பாசார் மலாய், மீன்காரரிடமும் கடைக்காரரிடமும் பேசிப் பழகியது. ஆனால் ‘பெர்கி’ என்றால் போவது, ‘டூலு’ என்றால் முந்தி. இது யாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“நான் முந்திப் போயிட்டா என்ன பண்ணுவேன்னு கேக்குற பாட்டா அது?”

“ஆமாம்மா.”

“நல்ல நாள்ல பாடற பாட்டா?” என்றார். கொஞ்சம் கழித்து, “நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

மலாயில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. ஒரு வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ கிளம்பும்போது சும்மா சொல்வது ‘பெர்கி டூலு’. நாம் போயிட்டு வரேன் என்கிறோமே, அதேதான். நாம் போறேன் என்று சொல்ல மாட்டோம், அது சாவுக்குச் சொல்வது. அவர்கள் சாதாரணமாகச் சொல்லும் சொல்லிலேயே அந்தச் சாவும் மறைந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாட்டுக்குத் தலைப்பு வைத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த எங்கள் பெண்களுக்கும் அது உடனே புரிந்துவிட்டது.

அப்புறம் வந்தவை எல்லாம் தம்பியின் காலம். 1989ல் ஜொகூர் பாருவின் செர்ச் குழு இசபெல்லாவைக் கொண்டுவந்தது. பாப் லோக்மான் எழுதிய பாட்டு. மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து அழுதது. மறு வருஷமே அந்தப் பெயரில் படமும் வந்தது. தம்பி தோள்வரை முடி வளர்த்தான். 1992ல் நீள முடி வைத்த பாடகர்களுக்கு அரசு நிலையமான ஆர்டிஎம்மில் இடமில்லை என்று அரசாங்கம் உத்தரவு போட்டு, செர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் ஆவியும் முடியை வெட்டிக்கொண்டார்கள். தம்பி வெட்டவில்லை. அம்மா கெஞ்சியும் வெட்டவில்லை. தொழிற்சாலையில் எந்திரத்தில் சிக்கும் என்று சொன்ன பிறகுதான் வெட்டினான்.

அந்தச் சமயத்தில் தோட்டமும் போய்க்கொண்டிருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு இத்தனை ஆள் வேண்டாம். லயத்து வீடுகள் ஒவ்வொரு வரிசையாக இடிந்தன. நாங்கள் பெம்பானில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்தோம். கோயில் திடல் இருந்த இடத்தில் இப்போது செம்பனை வரிசை நிற்கிறது. போய்ப் பார்த்தால் மேடை எந்த இடம் என்று என்னால் காட்ட முடியாது. மாமா புது வீட்டில் நான்கு வருஷம் இருந்தார். திண்ணை இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை. கிட்டாரை எனக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்.

2007 ஜூன் 4, திங்கட்கிழமை. நுரையீரல் புற்றுநோயில் லோகநாதன் இறந்துவிட்டார். வயது ஐம்பத்து நான்கு. செய்தி கைத்தொலைபேசியில் வந்தது. சொல்லி வைத்தாற்போல் நாங்கள் நால்வரும் ஜாசினில் வழக்கமாகக் கூடும் கோப்பிக்கடைக்கு வந்து சேர்ந்தோம். சித்தப்பா மகனுக்கு முடி கொட்டிவிட்டது. மளிகைக்கடைக்காரர் மகன் இப்போது தானே மளிகைக்கடைக்காரர். யாரும் அதிகம் பேசவில்லை. கடை வானொலியில் ஒன்று மாற்றி ஒன்றாக அவர்கள் பாட்டையே போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். டிரம்ஸ்காரன் மேசை விளிம்பில் மூன்று விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

பதினொன்று ஆகிவிட்டது. அவன்தான் முதலில் எழுந்தான். மறுநாள் விடியலில் தொழிற்சாலை வேன் ஓட்ட வேண்டும். சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். முப்பது வருஷமாக எங்களைப் பார்த்துச் சொல்லும் அதே சொல்லைச் சொல்ல வாயெடுத்தான்.

“ஆக்கு பெர்கி...”

அதற்கு மேல் வரவில்லை. நின்றபடியே எங்களைப் பார்த்தான். நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைக்காரரிடம் இன்னொரு கோப்பி ஓ சொன்னான்.